கூட ஓடுகிறவன்

மரகதவல்லிக்கு அண்ணன் பிறந்தபோது அவளுக்கு வயது நாற்பத்து நான்கு.

கூரியரில் வந்தான். அட்டைப்பெட்டியைப் பிரித்தால் ஓர் இடுப்புப் பட்டை, ஒரு சார்ஜர், பதினாறு மொழிகளில் எச்சரிக்கை. பட்டையைக் கட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினால் வலது பக்கம் மூன்றடி தள்ளி, டிராக் பேண்ட் போட்ட ஓர் ஆண் காற்றிலிருந்து முளைப்பான். வெறும் ஒளிதான். ஆனால் விடிகாலை வெளிச்சத்தில், பத்தடி தள்ளி நிற்பவனுக்கு அது தெரியாது. நாம் ஓடினால் ஓடுவான், நின்றால் நிற்பான். பட்டையில் இருக்கிற ஸ்பீக்கரிலிருந்து காலடிச் சத்தம்கூட வரும். விற்கிற பெயர் ‘கூடவன்’.

தனியாக ஓடுகிற பெண்களுக்குப் பாதுகாப்பு எங்கே என்று மூன்று வருஷம் எல்லோரும் கத்தியதற்குக் கிடைத்த பதில் இது. தொந்தரவு செய்கிற ஆண்களை என்ன செய்வது என்று யோசிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டி ஊர் ஊராகப் போய், பலகாரம் சாப்பிட்டு, பிரச்சினை ஆண்கள் பற்றாக்குறைதான் என்று கண்டுபிடித்தது.

வாங்கும்போதே செயலியில் உறவு தேர்ந்தெடுக்க வேண்டும். அண்ணன், தம்பி, வீட்டுக்காரர், மாமா, சித்தப்பா. ‘நண்பர்’ என்றும் ஒன்று இருந்தது. கலாசாரக் காவலர்கள் கொதித்ததில் எடுத்துவிட்டார்கள். மீசையில் மட்டும் இருபத்தேழு வகை. மரகதம் ‘அண்ணன், நடுத்தர மீசை’ போட்டாள். வீட்டுக்காரர் ஏற்கெனவே ஒருவர் முழங்கால் வலியோடு வீட்டில் இருந்தார். இன்னொன்றைக் கட்டி மேய்க்க அவளுக்குத் தெம்பில்லை.

மரகதம் பெரிய ஓட்டக்காரி ஒன்றும் இல்லை. தான் ஓடுவது ஈரமாவுக் கிரைண்டரை யாரோ தெருவில் உருட்டிக்கொண்டு போவது போல இருக்கும் என்று அவளே சொல்வாள். ஆனால் எட்டு வருஷமாக வெள்ளைக்குளத்து மேட்டில், நாலு கிலோமீட்டர் கரையில், வாரம் ஐந்து நாள் உருண்டுகொண்டிருந்தாள். ஒருநாளின் இருபத்து நாலு மணி நேரத்தில் அவளிடம் யாரும் எதுவும் கேட்காத நேரம் அது ஒன்றுதான்.

அண்ணன் வந்த பிறகு கேட்டார்கள். அவளிடம் இல்லை, அண்ணனிடம். எதிரே நடந்து வருகிற பெரியவர்கள் அண்ணனுக்கு வணக்கம் வைத்தார்கள். இளநீர்க்காரர், “சார், வழுக்கையா தண்ணியா?” என்று ஒளியைப் பார்த்துக் கேட்டார். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் இரண்டு கிலோமீட்டர் அண்ணனோடு அரசியல் பேசிக்கொண்டே வந்தார். அண்ணன் மறுத்துப் பேசாதவன் என்பதால் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்கு மரகதம் பொத்தானை அணைத்துவிட்டாள்.

பெரிய காரணம் இல்லை. மழை பெய்து ஓய்ந்திருந்தது, தவளைகள் கத்திக்கொண்டிருந்தன, தன் மூச்சின் சத்தம் தனக்குக் கேட்க வேண்டும் என்று இருந்தது. இரண்டு கிலோமீட்டர் அப்படி ஓடினாள். பிறகு வலது பக்கம் அந்தக் காலடிச் சத்தம் வந்தது. வலது கால் டொப், இடது கால் கொஞ்சம் இழுத்துச் சரக். டொப், சரக். டொப், சரக்.

‘இந்தக் கெரகம் தானாவே ஆன் ஆயிருச்சாட்ட இருக்குது’ என்று நினைத்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பிழையை நினைத்துத்தான் பிறகு பல நாள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

ஒளிக்கு வியர்வை நாறாது. நாற்றம் மூக்கில் ஏறிய அதே நொடியில் ஒரு கை அவள் மேல்கையை இறுக்கியது. இன்னொரு கை எங்கே போயிற்று என்பதை அவள் யாரிடமும் விரித்துச் சொன்னதில்லை. தொப்பி, மூக்குவரை கட்டிய துணி. அவள் அறைந்தாள். இழுத்தாள். கீழே விழுந்தாள். எழுந்து தன் வாழ்நாளில் சேர்த்து வைத்திருந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் ஒரே மூச்சில் செலவழித்தாள். அவன் அவசரப்படாமல் ஓடிப்போனான். டொப், சரக். அந்த நிதானம்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

*

ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டர் பூங்கோதை நல்ல மாதிரிதான். நாற்காலி போட்டார், டீ சொன்னார். மேட்டில் நூறடிக்கு ஒரு கேமரா இருக்கிறது, ஐந்து நிமிஷத்தில் ஆளைப் பிடித்துவிடலாம் என்றார்.

“கூடவன் போட்டிருந்தீங்களாம்மா?”

“ஆஃப் பண்ணியிருந்தேனுங்க.”

“ஏனுங்கம்மா?”

“என் மூச்சு எனக்குக் கேக்கோணும்னு இருந்துச்சுங்க.”

பூங்கோதை அதை எழுதவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

காட்சி வந்தது. திரையில் மரகதம் தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் கை பின்னால் போயிற்று. அவள் காற்றை அறைந்தாள். காற்றோடு மல்லுக்கட்டினாள். விழுந்தாள், எழுந்தாள், ஆளில்லாத குளக்கரையைப் பார்த்து விரலை நீட்டி நீட்டித் திட்டினாள். பின்னால் நின்ற கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது.

பூங்கோதை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். “ஆளே இல்லைங்களேம்மா.”

மரகதம் சட்டைக் கையை மேலே தள்ளிக் காட்டினாள். நாலு விரலும் ஒரு கட்டை விரலும் நீலமாகப் பதிந்திருந்தன.

“தெரியுதுங்கம்மா. எனக்குத் தெரியுது. இந்தா, இதுக்குத்தான் தெரிய மாட்டேங்குது.” கைக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். “குத்தம் பண்ணுன எதிரிகள் எண்ணிக்கைன்னு ஒரு கட்டம் இருக்குதுங்களா? பூஜ்யம்னு போட்டா அடுத்த பக்கம் போகாது. ஒண்ணுன்னு போட்டா, கேமரா பூஜ்யம்னு சொல்லுது, ரெண்டும் ஒத்து வரலைன்னு செவப்பு காட்டுது.”

“அப்ப என்னைத் தொட்டது யாருங்க?”

“சிஸ்டம் எடுத்துக்க மாட்டேங்குதுங்கம்மா” என்றார் பூங்கோதை. அவர் குரலில் இருந்த வருத்தம் உண்மையானது. அதனாலேயே மரகதத்துக்கு இன்னும் கோபம் வந்தது.

ஒன்பது நாள் அலைந்தாள். அதற்குள் அந்த வீடியோ ஸ்டேஷனைவிட்டு நடந்து ஊருக்குள் வந்துவிட்டது. யாரோ அதற்கு உடுக்கைச் சத்தம் சேர்த்திருந்தார்கள். ‘பேயோட்டும் அக்கா’ என்று பெயர். பார்த்தவர்கள் ஏழு லட்சம் பேர். அவள் வேலை பார்க்கிற பம்புசெட் கம்பெனியில் பையன்கள் அவளைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தார்கள். வக்கீல் ஒருவர், நல்ல மனநல மருத்துவர் ஒருவரின் நம்பரைக் கொடுத்தார்.

வீட்டில் தண்டபாணி முதல் இரண்டு நாள் “ட்ரெட்மில் ஒண்ணு வாங்கிப் போட்டர்றேன் மரகதம்” என்றார்.

“ஏனுங்க, ஓடியும் நின்ன எடத்துலயே நிக்கறதுக்கு நான் எதுக்கு ஓடோணும்? கல்யாணம் பண்ணுனதே போதாதா?”

மூன்றாம் நாள் கைக்குத் தைலம் தேய்த்துவிடும்போது அவர் பேச்சு நின்றது. தன் விரல்களை எடுத்து அந்த நீலத் தடங்களின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. அவர் விரல்கள் குட்டை.

“ஆள் இருந்திருக்கான்” என்றார். அவ்வளவுதான். மரகதம் அழுதது அன்றைக்கு மட்டும்தான்.

பத்தாம் நாள், பட்டையைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று எடுத்தாள். சரியாக வேலை செய்கிறதா பார்க்க ஹாலில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் அண்ணன் முளைத்து நின்ற இடத்திலேயே ஓட ஆரம்பித்தான்.

டொப், சரக். டொப், சரக்.

மரகதம் பட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பத்தொன்பது வருஷமாக அவளுடைய வேலை, ஓடுகிற மோட்டாரின் பக்கத்தில் நின்று காதால் கேட்டே எங்கே தேய்மானம் என்று சொல்வது. எந்த இரண்டு மோட்டாரும் ஒரே மாதிரி முனகாது. ஒரே அச்சில் வார்த்திருந்தாலும் முனகாது. மேட்டில் கேட்டது இதைப் போன்ற சத்தம் இல்லை. இதேதான்.

*

கூடவன் கம்பெனி ஒன்பதாவது மாடியில் இருந்தது. வரவேற்பில் ‘நீங்கள் தனியாக இல்லை’ என்று எழுதியிருந்தது. அவளைச் சந்திக்க அனுப்பப்பட்டவன் நிரஞ்சன், இருபத்தைந்து வயது இன்ஜினீயர். புகார் சொல்ல வருகிற பெண்களிடம் பேசக் கம்பெனியில் யாருக்கும் பிடிக்காததால் கடைசியில் சேர்ந்தவனுக்கு அந்த வேலை.

“எல்லா அண்ணனும் ஒரே மாதிரியே ஓடறானே, எப்பிடிங்க?” என்று மரகதம் ஆரம்பித்தாள்.

“மூஞ்சி நூத்துநாப்பது இருக்குதுங்க மேடம். நடை அஞ்சுதான். அஞ்சு ஆளுங்கள ஓட வெச்சுப் பதிவு பண்ணி எடுத்தது. கம்ப்யூட்டரே உண்டாக்குன நடைன்னா பாக்கறவங்களுக்குப் பொம்மையாட்டத் தெரிஞ்சிருது.”

“அண்ணன் நடை யாரோடது?”

“அது ரகசியம்ங்க மேடம். ஒருத்தரோட நடைக்கும் தனியுரிமை இருக்குது.”

“என்ர வீடியோவுக்கு இல்லீங்களா?”

நிரஞ்சன் தண்ணீர்க் கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினான்.

“செரி, இதைச் சொல்லுங்க. கேமராவுல ஏன் அவன் விழுகலை?”

“கேமரா மூஞ்சியப் பாக்காதுங்க மேடம். இருட்டு, தொப்பி, மாஸ்க் எல்லாம் இருக்கும். நடைய வெச்சுத்தான் ஆள எண்ணும். மொதல்ல கூடவனையும் ஆளுன்னு எண்ணி ஒரே கலாட்டா. மேட்டுல ஆயிரம் ஆம்பளைங்கன்னு தெனமும் அலாரம். அதனால இந்த அஞ்சு நடை எங்க வந்தாலும் படத்துலருந்து அழிச்சிரச் சொல்லி...” அவன் வாக்கியம் பாதியில் நின்றது. அது எங்கே போய் முடிகிறது என்று அவனுக்கும் அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

“அழிக்காத ஒரிஜினல் இருக்குங்களா?”

“அழிச்சதுக்கப்புறந்தாங்க மேடம் சேமிக்கும்.”

“ஆக, அண்ணனுக்கு நடை குடுத்த அந்த ஆளு எங்க போனாலும், என்ன பண்ணுனாலும், இந்த ஊருல எந்தக் கேமராவுக்கும் தெரிய மாட்டான்.”

“ஆமாங்க மேடம்.”

“அது அவனுக்குத் தெரியும்.”

மரகதம் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“மாத்துங்க.”

“அந்த நடைய எடுத்தரலாமான்னு மேல கேட்டுட்டேனுங்க மேடம், நீங்க போன்ல சத்தத்தைப் பத்திச் சொன்ன அன்னைக்கே. அண்ணன் மாடல் மட்டும் மூணு லட்சம் பெல்ட் வித்திருக்குது, மறுபடி சான்றிதழ் வாங்கோணும், ஒண்ணரை வருஷம் ஆகும்னுட்டாங்க. அதுவும் சர்வேல அந்த நடைக்குத்தான் லேடீஸ் நம்பிக்கை மார்க் அதிகம் போட்டிருக்காங்க.” தொண்டையைச் செருமிக்கொண்டான். “உங்களுக்கு இலவசமா சித்தப்பா மாடல் தரச் சொல்லியிருக்காங்க.”

மரகதம் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பக்கத்து அறையில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். தினமும் காலையில் மூன்று லட்சம் பெண்கள் பணம் கொடுத்து அவனைப் பக்கத்தில் ஓடவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எட்டு மாதம் அவளும்தான்.

அவள் எழுந்து கதவுவரை போனபோது நிரஞ்சன் கூடவே வந்தான். குரலைத் தாழ்த்தினான். “மேடம், கூடவன் களைக்காதுங்க. மனுசன் களைப்பான். எட்டு, பத்துக் கிலோமீட்டர் நிக்காம ஓடுனா யாரோட நடையும் மாறிரும். மாறுனா கேமராவுக்குத் தெரிஞ்சிரும்.”

“இதை எதுக்கு எங்கிட்டச் சொல்றீங்க?”

“எங்கக்காவும் அந்த மேட்டுலதாங்க ஓடுது. அண்ணன் மாடல்.”

*

அதே மேட்டில் ஓடுகிற ஸ்டெல்லா, ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. நானூறு பிள்ளைகளை விசிலே இல்லாமல் வரிசையில் நிறுத்துகிற தொண்டை. மரகதம் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, வெள்ளைக்குளத்து ஓட்டக்காரிகளின் வாட்ஸாப் குழுவில் ஒரே ஒரு கேள்வி போட்டாள்: பெல்ட்டை அணைத்திருக்கும்போது யாருக்காவது டொப், சரக் கேட்டிருக்கிறதா?

முதல் பதில் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மொத்தம் ஏழு பேர். கல்லூரியில் படிக்கிற நஸ்ரின் எழுதியிருந்தாள்: “பெல்ட்தான் ரிப்பேர்னு நினைச்சு சர்வீஸ் சென்டர்ல ரெண்டு தடவை குடுத்தேன்க்கா. ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. எனக்குத்தான் ஏதோ ஆயிருச்சுன்னு இருந்துட்டேன்.” ஒரு நர்ஸ் ஆறு மாதத்துக்கு முன்னாலேயே ஓடுவதை விட்டிருந்தாள். காரணம் கேட்டவர்களிடம் முதுகுவலி என்று சொல்லியிருந்தாள்.

அடுத்த வாரம் முழுக்க மரகதம் தினமும் பெல்ட் இல்லாமல் தனியாக ஓடினாள். ஸ்டெல்லாவோடு சேர்த்துக் குழுவிலிருந்து பத்துப் பேர் பெல்ட்டை வீட்டில் வைத்துவிட்டு, மேட்டின் இரண்டு பக்கமும் பம்ப் அறைக்குப் பின்னாலும் படித்துறையிலும் உட்கார்ந்து கொசுக்கடி வாங்கினார்கள். தண்டபாணி பிளாஸ்க்கில் காபி போட்டுக் கொடுத்தனுப்பினார். “நானும் வரட்டுமா?” என்றார். “நீங்க நொண்டறது கேமராவுல விழுந்துருமுங்க” என்றாள்.

ஆறாம் நாள் வந்தான்.

டொப், சரக். மரகதம் ஓடுவதை நிறுத்தவில்லை. நெருங்கவிட்டாள். வியர்வை நாற்றம் வந்ததும் திரும்பி, “வாங்கண்ணா” என்றாள், ஊருக்கே கேட்கிற மாதிரி.

அவன் நின்றான். முன்னால் ஐந்து பேர் வந்துகொண்டிருந்தார்கள், பின்னால் ஐந்து பேர். இடது பக்கம் குளம். வலது பக்கம் கம்பி வேலி.

“கை வெக்காதீங்கடி” என்று ஸ்டெல்லா கத்தினாள். “அந்தக் கெரகத்தைத் தொட்டுட்டு யாரு போயித் தலைக்கு ஊத்தறது? ஓட விடுங்க. சார் ஓடட்டும்.”

அவன் ஓடினான். நல்ல வேகம். முதல் கிலோமீட்டரில் அவர்களை உதறிவிடுவான் போலத்தான் இருந்தது. ஆனால் வேலியின் ஒரே வாசல் பக்கம் போனால் அங்கே இரண்டு பேர் நின்றார்கள், திரும்பினால் மீதி ஒன்பது பேர் வந்துகொண்டிருந்தார்கள். அவன் நின்றால் நின்றார்கள். நடந்தால் வட்டம் சுருங்கியது. ஓடினால் மட்டும் விரிந்தது. ஆகவே ஓடினான். பெண்கள் மெதுவாக ஓடுவார்கள் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். எவ்வளவு தூரம் ஓடுவார்கள் என்பது யாருக்கும் தெரியாது. யாரும் விட்டுப் பார்த்ததில்லை.

விடிந்தது. நடக்க வந்த ஆண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். தாசில்தார் பழக்க தோஷத்தில் அவனுக்கு வணக்கம் வைத்தார்.

“சார், காப்பாத்துங்க சார்!” என்றான் அவன்.

“அடடே, பேசற மாடல் வந்துருச்சா?” என்றார் தாசில்தார்.

ஆறாவது கிலோமீட்டரில் அவன் துணியைக் கழற்றி எறிந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். மூக்கும் கண்ணும் எல்லோரையும் போல. மரகதம் ஏதோ ஒரு பயங்கரத்தை எதிர்பார்த்திருந்தாள். சாதாரணமாக இருந்ததில் கோபம் இன்னும் ஏறியது. எட்டாவதில் கெஞ்சினான். ஒன்பதாவதில் திட்டினான். மரகதம் எதையும் கேட்கவில்லை. அவள் காது அவன் காலில் இருந்தது.

டொப், சரக். டொப், சரக். டொப், சர... டொப்.

“பேரிங் போச்சு” என்றாள்.

இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு அவன் நொண்டினான். ஒரு எட்டு, இரண்டு எட்டு. மூன்றாவது எட்டில் பக்கத்துக் கேமராக் கம்பம் வாயைத் திறந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கம்பத்துக்கு வாய் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

“எச்சரிக்கை. ஆண் ஒருவர் ஆபத்தில் இருக்கிறார். உதவி வந்துகொண்டிருக்கிறது.”

பதினோரு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

நாலே நிமிஷத்தில் ஜீப் வந்தது.

பூங்கோதை இறங்கினார். கைக்கணினியில் படிவம் தானாகவே நிரம்பியிருந்தது. பாதிக்கப்பட்டவர்: ஆண், ஒன்று. எதிரிகள்: பெண், பதினொன்று. எல்லாக் கட்டமும் பச்சை. அவர் அதைப் படித்தார், மரகதத்தைப் பார்த்தார், மறுபடி படித்தார்.

“மேடம், நல்ல வேளை வந்தீங்க” என்று அவன் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். “ஒண்ணேகால் மணி நேரமா என்னைத் துரத்தறாங்க மேடம், இந்தப் பொம்பளைங்க.”

“ஒண்ணேகால் மணி நேரமாவா?” என்றார் பூங்கோதை. திரையை விரலால் பின்னுக்குத் தள்ளினார். “கேமராவுல நீங்க வந்தே அஞ்சு நிமிசந்தானுங்களே ஆச்சு. அதுக்கு முன்ன எங்க இருந்தீங்க?”



மரகதம் வட்டத்துக்குள் வந்தாள். “எழுதுங்க மேடம். மரகதவல்லி, எதிரி நெம்பர் ஒண்ணு. பதினோரு பேரும் கையெழுத்துப் போடறோம். எந்தக் கோர்ட்டுக்கு வேணாலும் வர்றோம். இப்பிடி ஒருத்தன் இருக்கான்னு உங்க சிஸ்டம் ஒத்துக்கிச்சில்லங்க.”

புகாரில் பெயர் ஏறினால் தான் இருப்பதும் பதிவாகிவிடும் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. கையை ஊன்றி எழுந்தான். “எனக்குப் புகார் கிகார் ஒண்ணும் வேண்டாம் மேடம். விட்டுருங்க. நான் போறேன்.”

நொண்டிக்கொண்டே இரண்டு எட்டு வைத்தான். பூங்கோதை அவன் முன்னால் போய் நின்றார். கைக்கணினியை அவன் பக்கம் நீட்டினார்.

“வேண்டாம்னு சொல்றதுக்கும் ஒரு கட்டம் இருக்குதுங்க” என்றார். “பேரு சொல்லுங்க.”